பன்னிரண்டு நிமிஷம்

மைக் இன்னும் முதல் பெஞ்சில்தான் இருக்கிறது, எமிலி டீச்சர் கையில். ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆன பிறகும் மைக்கைப் பிடித்தால் டீச்சருக்கு வகுப்பறைக் குரல் வந்துவிடும். எனக்கு முன்னால் பதினோரு பேர். எண்ணிவிட்டேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் சிலர் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அதனால் அரை மணி என்று நம்ப முடியாது. வருஷத்தின் கடைசி நாள், மத்தியானம் மூன்று மணி, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து ஸ்தோத்திரக் கூட்டம். ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, முறை வரும்போது எழுந்து, இந்த வருஷமும் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார் என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். யோசிக்க வேண்டியதே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். இந்த வருஷம்தான் ஐயரம்மா, போதகரின் மனைவியை இங்கே அப்படித்தான் சொல்வோம், புதிதாக ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். சும்மா ஸ்தோத்திரம் மட்டும் சொல்லக் கூடாதாம். இந்த வருஷம் ஆண்டவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டுமாம். நேற்று என் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அம்மா, நீங்கள் பேசினால் கல்யாணமான புதுப் பிள்ளைகளுக்கு ஒரு சாட்சியாக இருக்கும், மூன்று வருஷம் சாரைக் குழந்தை மாதிரி பார்த்தீர்களே என்றார்கள். என் வீட்டுக்காரர் படுக்கையாகக் கிடந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருக்கிறேன், அதற்கு நேர் எதிரே நாற்காலி. நான் காப்பி கலக்கப் போனபோது உள்ளேயிருந்து டக் என்று கேட்டது. ஐயரம்மா டம்ளரை வைக்கவில்லை, அவர்களுக்கு இன்னும் டம்ளரே கொடுக்கவில்லை. வளையல் நாற்காலிக் கையில் பட்டிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

எமிலி டீச்சர் முடித்துவிட்டார். பொறுமைதான் அவர் கற்ற பாடம். அடுத்தவர் ராஜபுஷ்பம், அவளுக்கும் பொறுமைதான், வீட்டு வேலை கொத்தனாரால் எட்டு மாதம் இழுத்துவிட்டது. நானும் பொறுமை என்றுதான் மனதில் வைத்திருந்தேன். எல்லாரும் பொறுமை என்றால் பொறுமை தீர்ந்துவிடாதா என்று ஒரு அசட்டு நினைப்பு, சிரிப்பு வந்தது, உடனே சிரிப்பை அமுக்கினேன். நாலு மாதமாகச் சிரிப்பு வந்தால் இப்படித்தான் அமுக்கிவிடுகிறேன். பக்கத்தில் நேசம் உட்கார்ந்திருக்கிறாள், என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. எனக்கு அடுத்தபடி அவள் பேச வேண்டும். அவள் என்ன பாடம் சொல்லப் போகிறாளோ. அண்ணன் போன பிறகு அவள் என்னைப் பார்க்க வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் முற்றத்தோடு பேசிவிட்டுப் போய்விடுகிறாள். போனில் பேசுவதே இல்லை. முன்பெல்லாம் நாள் தவறாமல் பேசுவோம். ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம். எதைச் சொல்லிவிடுவாள், அவளுக்கு என்ன தெரியும். ஒன்றும் தெரியாது. தெரியாது என்றால் ஏன் முற்றத்தோடு நின்றுவிடுகிறாள். அந்த அறை அவளுக்கும் ஆகாமல் போயிருக்கலாம், கூடப் பிறந்தவன் செத்துக் கிடந்த அறை. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன்.

அவர் டிரில் மாஸ்டர். தனசிங் சார் என்றால் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்காவது அவர் விசில் சத்தம் ஞாபகம் இருக்கும். வீட்டில் என்னை வயலட் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விரலைச் சொடுக்குவார். சொடுக்கினால் தண்ணீர், சொடுக்கினால் துண்டு, சொடுக்கினால் வெளியே ஆள் வந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அழுதேன், நான் என்ன உங்கள் பள்ளிக்கூடத்துப் பையனா என்று. அன்றைக்கு முழுக்கச் சொடுக்கவில்லை, மறுநாள் மறந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார், உப்புப் போட மறந்திருப்பார். வாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போன பிறகு அந்தச் சொடுக்கும் போய்விட்டது. இடது கையால் சொடுக்க அவருக்கு வராது. விசிலைக் கொடுத்துப் பார்த்தோம், ஊதவும் முடியவில்லை. அப்போது நான்தான் ஒரு எவர்சில்வர் ஸ்பூனை உள்பாவாடை நாடாவில் கட்டி, நாடாவைக் கட்டில் சட்டத்தில் முடிந்து கொடுத்தேன். வேணும்னா தட்டுங்க, எந்நேரமும் வருவேன்னு சொன்னேன். எந்நேரமும் என்றுதான் சொன்னேன். இரும்புக் கட்டில், நல்ல சத்தம். ஒன்று தட்டினால் தண்ணீர், இரண்டு என்றால் ஒன்றுக்குப் போக, மூன்று என்றால் புரட்டிவிட வேண்டும் என்று கணக்கு வைத்தோம். ஒரு வாரம்கூட அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஈ உட்கார்ந்தால் தட்டுவார், காற்றாடி ஓடினால் தட்டுவார், நின்றால் தட்டுவார், சில சமயம் ஒன்றுக்குமே இல்லை, போய் நின்றால் சும்மா பார்ப்பார், என்ன என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். திரும்பி அடுப்படிக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்திருக்க மாட்டேன், மறுபடியும் டக். மூன்று வருஷம். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. நான் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை. குளித்துக்கொண்டிருந்தபோதுகூட ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூட. அந்த ஒரு தடவையைத் தவிர.

மைக் மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிட்டது. மருமகள் முன்னால் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று யாரோ சொல்ல, கோவிலே சிரிக்கிறது. மருமகளும் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து சிரிக்கிறாள். நல்ல வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருக்கிறது, மார்கழி வெயில், சூடு இல்லாத வெயில். அன்றைக்கு ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, மூணேகால் இருக்கும். அவருக்குக் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, தூங்குங்க என்று சொல்லிவிட்டுப் புறவாசலுக்கு வந்தேன். முருங்கை மரத்தடியில் துவைகல். இஞ்சி தட்டிப் போட்ட டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேசம் போனில் கூப்பிட்டாள். போன சனிக்கிழமை அவள் வீட்டுக்காரர் நரையை மறைக்க ஏதோ பொடி வாங்கித் தலையில் பூசியிருக்கிறார், முடி முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேத பாடம் வாசிக்கிற முறை அவருக்கு. தொப்பி போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கோவிலுக்குள் தொப்பியைக் கழற்றச் சொல்லி, மணி அடிக்கிற கோவில்குட்டி வந்து காதுக்குள் சொல்ல, இவர் முடியாது என்று தலையை ஆட்ட, ஆட்டின ஆட்டில் தொப்பி விழுந்து, கோவிலே பார்த்திருக்கிறது. நேசம் சொல்கிற விதம் அப்படி. நான் சிரித்தேன். எவ்வளவு காலம் ஆகியிருந்தது அப்படிச் சிரித்து. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, டீ சேலையில் சிந்த. அப்போதுதான் உள்ளேயிருந்து டக் என்று கேட்டது.

கேட்டது. கேட்கவில்லை என்று ஒரு நாளும் எனக்குள் சொல்லிக்கொண்டதில்லை, அந்த மட்டுக்கும் நான் நேர்மையானவள். கேட்டது, இந்தா முடிச்சிட்டு வாறேன் என்று மனதுக்குள் சொன்னேன். மறுபடியும் டக். காற்றாடியாக இருக்கும். டக், டக். இப்போதுதான் எல்லாம் செய்துவிட்டு வந்தேன், சும்மாதான் இருக்கும். என்ன மைனி சத்தம் என்று நேசம் போனில் கேட்டாள். பக்கத்து வீட்டுல ஆணி அடிக்காவ என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. அவளிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும். அண்ணன் தட்டுதாவன்னு சொன்னால் அவள் போய்ப் பாருங்க என்று சொல்லியிருப்பாள், பேச்சு முடிந்திருக்கும். எனக்குப் பேச்சு முடியக் கூடாது. ஒரு டீ குடிக்கிற நேரம், ஒரு மனுஷியாக உட்கார்ந்து சிரிக்கிற நேரம், அவ்வளவுதான் கேட்டேன், யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது ஒன்றா, இரண்டா, மூன்றா, இத்தனை நாள் யோசித்தும் பிடிபடவில்லை. சில சமயம் மெதுவாக, ஒரே சீராகத் தட்டியது மாதிரி இருக்கிறது. சில சமயம் கடைசியில் வேகமாகத் தட்டியது மாதிரி. நான்தான் வேகமாக்கிக்கொள்கிறேனா. பிறகு நின்றது. நின்றதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா. அப்பாடா என்றேன். வாய்விட்டே சொன்னேன். என்ன அப்பாடா என்று நேசம் கேட்டதற்கு ஒண்ணுமில்ல, வெயில் போயிருச்சு என்றேன். அதன் பிறகும் பேசினோம். போனில் பதிவு இருக்கிறது, பதினெட்டு நிமிஷம். அதில் சத்தம் வந்தது பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், முன்னே பின்னே கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கையைத் துடைத்தேன். போய்ப் பார்ப்போம் என்று நடந்தேன். அறை வாசலில் திரைச்சீலை, நீலத்தில் வெள்ளைப் பூ. அதைத் தள்ளினேன். அதோடு என் நினைப்பு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நிற்கிறது, திரைச்சீலைத் துணி கையில், அதற்கு அப்பால் போக மாட்டேன் என்கிறது, மறுபடியும் துவைகல்லுக்கு வந்துவிடுகிறேன், மறுபடியும் டீ, மறுபடியும் தொப்பி விழுகிறது, மறுபடியும் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு உள்ளே கேட்டிருக்கும். புறவாசலுக்கும் அந்த அறைக்கும் பத்து அடி. காது அவருக்குக் கடைசிவரை நன்றாகக் கேட்டது. அவர் தட்டத் தட்ட நான் சிரித்திருக்கிறேன்.

டாக்டர் வந்தார், இரண்டாவது அட்டாக், பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நீங்க எங்கம்மா இருந்தீங்க என்று கேட்டார். அடுப்படியில் என்றேன். தூங்கிட்டு இருந்தாவளா என்று யாரோ கேட்டார்கள். ஆமா, தூங்கிட்டு இருந்தாவ என்றேன். அதுவே நிலைத்துவிட்டது. மகள் ஓசூரிலிருந்து வந்து இறங்கினதும் தூக்கத்துலயே போயிட்டாவளாம்மா, அந்த மட்டுக்கும் நல்லது என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அறிவிப்புத் தாளில் நித்திரையடைந்தார் என்று எப்போதும் போல அச்சடித்தார்கள், எனக்கு மட்டும் அந்தச் சொல் என் பொய்யை எடுத்து அச்சடித்தது மாதிரி இருந்தது. அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உன்னை மாதிரி கட்டுன புருஷனை யாரு பாப்பா. ஒரு புண் வந்துதா, ஒரு நாத்தம் உண்டா. அவர்கள் பிடித்த இடமெல்லாம் எரிந்தது. அன்று முதல் எந்தச் சத்தமும் எனக்குச் சாதாரணச் சத்தம் இல்லை. தகரத்தில் மழைச் சொட்டு, பக்கத்து வீட்டுக் குக்கர் மூடி, காற்றில் ஜன்னல் கொக்கி. எழுந்து ஓடுகிறேன். திரைச்சீலை வரை ஓடி நிற்கிறேன். அவர் கோபமாக வந்து நிற்பார் என்ற பயம் இல்லை. கோபமாக வந்தால் பரவாயில்லை, திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அவர் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறாரோ, நான் வருவேன் என்று நம்பித் தட்டிக்கொண்டே இருக்கிறாரோ என்பதுதான் பயம்.

இப்போது பெனிட்டா எழுந்திருக்கிறாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். இந்த வருஷம் அவளுக்கு ஏழு மாதத்தில் பிள்ளை தவறிவிட்டது. மைக்கை வாங்கினாள். பிறகு, நான் ஒரு பாடமும் கத்துக்கலை, எதுக்கு நடந்துதுன்னு எனக்குத் தெரியலை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஐயரம்மா அவசரமாக ஆமென் என்றார்கள். அழவில்லை பெனிட்டா, தலையைக் குனியவும் இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படிக்கூடச் சொல்லலாம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பொறுமை, பொறுமை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், உமியை மெல்லுகிற மாதிரி இருந்தது. மைக் என் பெஞ்சுக்கு வந்தது. இன்னும் மூன்று பேர். இரண்டு பேர். சொன்னால் என்ன ஆகும், மகள் காதுக்குப் போகும், நேசம் என் முகத்தில் விழிக்க மாட்டாள், உன்னை மாதிரி யாரு பாப்பா என்று சொன்னவர்கள் எல்லாம் எதிரே வந்தால் தெரு மாறிப் போவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, நாளைக்குப் புது வருஷம், கேக் சாப்பிடலாம். மைக் என் கையில் இருந்தது. யாருடைய வியர்வையோ அதில் பிசுபிசுத்தது. எழுந்தேன்.

“எங்க வீட்டுல அவுக இறந்த அன்னைக்கு என்னைக் கூப்பிட்டாவ. எனக்குக் கேட்டுது. நான் போகலை” என்றேன்.

பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் ஸ்தோத்திரம் என்றார்கள். பழக்கம். யார் எதைச் சொல்லி நிறுத்தினாலும் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிடுவோம், நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பிறகு முன் பெஞ்சுகளில் சத்தம் அடங்கியது. ஐயரம்மா எழுந்து வந்து என் தோளைத் தொட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கண் கலங்கியிருந்தது. பாருங்க, மூணு வருஷம் கண்ணுறங்காமப் பாத்தும் இன்னும் நான் சரியாப் பாக்கலையேன்னு அம்மா வருத்தப்படுறாங்க, இந்தத் தாழ்மைதான் நமக்குப் பாடம் என்றார்கள். கோவில் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எமிலி டீச்சர் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார். இல்லை, நான் சொன்னது அது இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன், மைக் என்னிடம் இல்லை. உட்கார்ந்தேன். சொல்லியும் சொல்லாத மாதிரி ஆகிவிட்டது. முன்னைவிடப் பெரிய நல்லவளாகிவிட்டேன். மைக் நேசத்திடம் போனது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் அதை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, பக்கவாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

வெளியே மணிக்கூண்டுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்த பிறகும் என் மணிக்கட்டை விடவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தாள், வலித்தது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். “அது ஆணி அடிக்கிற சத்தம் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மைனி” என்றாள். “மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து உக்காந்திருக்கேன். அண்ணன் தட்டுற சத்தம் எனக்குத் தெரியாதா.”

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். “பிறகு ஏன் போய்ப் பாருங்கன்னு சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க போனை வச்சிருவீங்க” என்றாள்.

உள்ளே மைக்கில் யாரோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேசம் மெதுவாகச் சொன்னாள், அவளுக்கும் வீட்டில் சிரித்துப் பேச ஆள் இல்லையாம். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லையாம். அண்ணன் போன சேதி வந்தபோது அதே போன் இன்னும் அவள் கையில்தான் இருந்ததாம். அதன் பிறகு என் பெயர் போனில் வந்தால் எடுக்கப் பயமாம். என்னை வெறுத்து வராமல் இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன், அவளோ அந்தச் சத்தம் அவளுக்கும் தெரிந்திருந்ததை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து முற்றத்தோடு நின்றிருக்கிறாள். நான் அவளை மன்னிக்கிறேனா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க எங்கள் இரண்டு பேரிடமும் அது இல்லை. கடைசியில் அவள், உள்ளே போனபோது என்ன பார்த்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள், நாலு மாதமாக ஒரு நாளைக்கு ஒரு விதமாக எனக்கு நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். டம்ளரைக் கழுவினது, கையைத் துடைத்தது, நடந்தது. திரைச்சீலை வந்தது. நின்றேன். நேசம் மணிக்கட்டைப் பிடித்தபடியே காத்திருந்தாள். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தலையணை சரிந்திருந்தது. ஸ்பூன் நாடாவோடு கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, ஆடவில்லை, நின்றிருந்தது. இடது கை சட்டத்தின் மேலேயே இருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. போர்வை ஈரமாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலை வாசல் பக்கம் திரும்பியிருந்தது என்றேன்.

“கண்ணு?” என்றாள்.

“தொறந்திருந்துது.”

வெயில் மணிக்கூண்டின் பாதிச் சுவர்வரை ஏறிவிட்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், “நாம சிரிக்கிறதைக் கேட்டு அண்ணனும் சிரிச்சிருப்பாவளோ மைனி? முகம் எப்படி இருந்துது?”

ஆமா என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். கொஞ்ச நாள் கழித்து நானும் நம்பியிருப்பேன். அந்த முகத்தை நினைப்பில் முதல் தடவையாக நின்று பார்த்தேன், நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

“தெரியலை நேசம்” என்றேன். “வாதம் வந்த பிறகு அவுகளுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்தே இருந்துது. சிரிச்சாலும் அப்படித்தான் இருக்கும். அழுதாலும் அப்படித்தான் இருக்கும்.”